கடைசிக் கம்பி யாருக்கு?

வட்டுக்கோட்டையில் இரவு ஏழரை மணியாகும்போது, கோடைகாலமென்றால் ரொறன்ரோவில் காலை பத்து மணி. லண்டனில் பிற்பகல் மூன்று. கனடாவில் இருக்கும் மகன் ஞாயிற்றுக்கிழமை ஆறுதலாக எழும்பித் தாயோடு கதைக்கும் நேரம் அது. அதே வேளையில் சங்கரத்தையில் ஒரு மாணவி இணையவழி வகுப்பில் இருப்பாள். சித்தங்கேணியில் ஒரு வீட்டில் புதுப்படம் ஓடிக்கொண்டிருக்கும். அராலியில் ஒருவருக்கு நெஞ்சு நோவெடுக்க, வீட்டார் 1990ஐ அழுத்தி அம்புலன்ஸ் கேட்பார்கள்.

இந்த நான்கு வீட்டாருக்கும் தனித்தனித் தொலைபேசி உண்டு. தனித்தனி வழி ஊருக்குள் மட்டும்தான். கோபுரத்தையும் இணைப்பகத்தையும் தாண்டியதும் எல்லாரும் ஒரே பொதுப் பாதையில் ஏறுகிறார்கள். இரண்டு இணைப்பகங்களுக்கு இடையே ஆயிரக்கணக்கானோர் பங்கிட்டுக்கொள்ளும் அந்தப் பாதையைத்தான் தொலைத்தொடர்புத் துறையில் ட்ரங்க் (அடிமரம்) என்பார்கள்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் நில அமைப்பே ட்ரங்க் என்றால் என்ன என்று காட்டிவிடும். உள்ளே எத்தனை ஒழுங்கைகள், எத்தனை வீதிகள்! பெருநிலத்துக்குப் போவதற்கோ ஆனையிறவு வழி ஒன்று. 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறந்தபின் பூநகரி வழியாக இன்னொன்று. 2006 ஆகஸ்ட்டில் முகமாலையில் ஏ-9 வீதி மூடப்பட்டபோது, உள்வீதிகள் எல்லாம் திறந்திருந்தும் குடாநாடு தனித்துப்போனது. கடைசியில் எதுவும் கிளைகளின் எண்ணிக்கையைப் பொறுத்து நிற்பதில்லை. அடிமரத்தின் பருமனைப் பொறுத்தே நிற்கிறது.

அடிமரம் மெலிந்திருக்கும்போது முதலில் யாரை விடுவது? அறத்தைப் பற்றிய கேள்வி போலத் தோன்றும் இதற்குள் ஒரு நூற்றாண்டுக் கணிதம் ஒளிந்திருக்கிறது. அது தரும் விடை நம் இயல்பான எண்ணத்துக்கு நேர் எதிரானது.

காசு கொடுத்து வாங்கிய அவசரம்

ட்ரங்க் கோல் காலத்தை அறிந்தவர்களுக்குக் காத்திருப்பு என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. தொலைபேசியை எடுத்து, இணைப்பாளரிடம் ஊரையும் எண்ணையும் பதிவு செய்துவிட்டு இருக்க வேண்டும். இரண்டு நகரங்களுக்கிடையே சில கம்பிகளே இருக்கும். ஒன்று ஒழியும்போது அடுத்தவருக்குக் கொடுப்பார்கள். யார் அந்த அடுத்தவர் என்பதைத் தீர்மானித்தது ஒரு மனிதக் குரலும் ஒரு பதிவுச் சீட்டும்.

இந்தியாவில் இதற்கு ஒழுங்கான அடுக்கே இருந்தது. சாதாரண அழைப்பு, அதற்கு மேலே இரட்டிப்புக் கட்டணத்தில் அவசர அழைப்பு, எல்லாவற்றுக்கும் மேலே எட்டு மடங்குக் கட்டணத்தில் மின்னல் அழைப்பு. சாவு வீட்டுச் செய்தியைச் சொல்ல மின்னலில் பதிந்தவர்களும் உண்டு; பருத்தி விலை கேட்க மின்னலில் பதிந்தவர்களும் உண்டு. கம்பிக்கு இருவரும் ஒன்றே. அவசரத்தை அளக்க வேறு கருவி இல்லாததால் பணத்தை அளவுகோலாக்கினார்கள்.

1960இல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே இந்தியாவின் முதல் எஸ்டிடி சேவை தொடங்கியது. தாமே எண்ணைச் சுழற்றி வெளியூரோடு பேச முடிந்தது. பிறகு அதிலும் பணம் வேறு வேலை செய்தது. இரவு ஏற ஏறக் கட்டணம் குறைந்து, நள்ளிரவை நெருங்கும்போது கால் பங்கானது. தமிழ்நாட்டில் எஸ்டிடி பூத் வாசலில் பின்னிரவில் கூட்டம் நின்றதற்குக் காரணம் இதுதான். பகல் நெரிசலில் இருந்து அவசரமில்லாத பேச்சை இரவுக்குத் தள்ளும் உத்தி அது. யாழ்ப்பாணத்தில் ‘கொமினிகேசன்’ கடைகளில் குறித்த நேரத்துக்கு வந்து வெளிநாட்டு அழைப்புக்காகக் காத்திருந்தவர்களும் அறிந்தோ அறியாமலோ நேரத்தைப் பங்கிட்டுக்கொண்டவர்களே.

தானியங்கி இணைப்பகம் வந்ததும் பதிவுச் சீட்டு போயிற்று. கம்பி ஒழியவில்லை என்றால் காத்திருக்க வைக்கவும் ஆளில்லை. இணைப்பு நிறைந்திருக்கிறது என்ற தொனி மட்டும் கேட்கும். அப்போதுதான் அந்தப் பழைய கேள்வி பொறியியல் கேள்வியாக மாறியது: எத்தனை கம்பி போட்டால் எத்தனை பேருக்கு அந்தத் தொனி கேட்கும்?

கோப்பன்ஹேகனின் கணித ஆசிரியர்

விடை கண்டவர் அக்னர் கிராருப் எர்லாங். டென்மார்க்கில் 1878இல் பிறந்து, பள்ளிகளில் பாடம் நடத்திவிட்டு, 1908இல் கோப்பன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் சேர்ந்தவர். அடுத்த ஆண்டே தொலைபேசி உரையாடல்களை நிகழ்தகவுக் கணிதத்தால் ஆராயும் கட்டுரையை வெளியிட்டார். 1917இல் வந்த அவருடைய சூத்திரத்தை இன்றைக்கும் தொலைத்தொடர்புப் பொறியியலாளர்கள் பயன்படுத்துகிறார்கள். 1946இல் தொலைபேசி நெரிசலை அளக்கும் அலகுக்கே அவர் பெயரை வைத்தார்கள். ஒரு கம்பி ஒரு மணித்தியாலம் முழுக்க நிறைந்திருந்தால் அது ஒரு எர்லாங். மூன்று நிமிட அழைப்புகள் இருபது வந்தாலும் அதே ஒரு எர்லாங்தான்.

எர்லாங்கின் சூத்திரத்தில் வியப்புகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. மணிக்கு 160 அழைப்புகள் வருகின்றன, ஒவ்வொன்றும் சராசரி மூன்று நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் எட்டு எர்லாங். நம்மிடம் பத்துக் கம்பிகள். எட்டுக்குப் பத்து தாராளம் என்றுதான் எவரும் நினைப்பார். சூத்திரம் சொல்வது வேறு: நூற்றுக்கு 12 அழைப்புகள் தோற்கும். சராசரியாக மூன்று கம்பிகள் சும்மா கிடக்கும்போதே இந்த நிலை. அழைப்புகள் வரிசையில் வருவதில்லை. ஒரு நிமிடம் ஒருவரும் எடுக்கமாட்டார். மறு நிமிடம் ஆறுபேர் எடுப்பார்கள். சும்மா கிடந்த நிமிடத்தைச் சேமித்து வைத்து நெரிசல் நிமிடத்துக்குக் கொடுக்க வழியில்லை.

இரண்டாவது வியப்பு: அரை நிமிடத்தில் வைத்துவிடுபவர்களும் அரை மணித்தியாலம் கதைப்பவர்களும் எப்படிக் கலந்திருந்தாலும் விடை மாறுவதில்லை. சராசரி மட்டும் தெரிந்தால் போதும்.

மூன்றாவதுதான் நம் கதைக்கு முக்கியம். நூற்றுக்கு ஒரு அழைப்புக்கு மேல் தோற்கக்கூடாது என்று ஒரு கட்டுப்பாடு வைப்போம். ஐந்து கம்பிகள் மணிக்கு ஏறத்தாழ 27 மூன்று நிமிட அழைப்புகளைத் தாங்கும். அப்படி இரண்டு தனித்தனிக் கட்டுகள் இருந்தால் 54. அதே பத்துக் கம்பிகளையும் ஒரே கட்டாக்கிப் பொதுவில் விட்டால் 89. ஒரு முழம் கம்பிகூடக் கூடவில்லை. பிரித்து வைத்திருந்ததைச் சேர்த்ததற்கே இவ்வளவு இலாபம். நூறு கம்பிகளை ஒன்றாக வைத்தால் 1,680 அழைப்புகளுக்கு மேல் தாங்கும். பெரிய கட்டில் ஒருவரின் வெறுமை இன்னொருவரின் தேவையோடு பொருந்திவிடுகிறது.

ஆகவே கொள்ளளவு குறைந்த இடத்தில் செய்யக்கூடாத முதல் காரியம் பிரித்துக் கொடுப்பது. முன்னுரிமை என்றதும் நம் கை முதலில் போவதோ அங்கேதான்.

பத்துக் கம்பிகளில் ஒரு கணக்கு

மேலே சொன்ன 160 அழைப்புகளில் 140 சாதாரணமானவை, 20 அவசரமானவை என்று கொள்வோம். வேறுபாடே காட்டாமல் எல்லாவற்றையும் பத்துக் கம்பியிலும் விட்டால், மணிக்குச் சாதாரண அழைப்புகளில் 17, அவசர அழைப்புகளில் இரண்டுக்குச் சற்று மேல் தோற்கும். அம்புலன்ஸ் கேட்டு எட்டுப்பேர் எடுத்தால் ஒருவருக்குக் கிடைக்காது. இது சரியில்லை என்பதில் யாருக்கும் ஐயமிராது.

உடனே தோன்றும் வழி, அவசரத்துக்கென்று ஒரு கம்பியைத் தனியே ஒதுக்குவது. மற்ற ஒன்பதும் சாதாரண அழைப்புகளுக்கு. கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது! கணக்குப் போட்டுப் பார்த்தால் 20 அவசர அழைப்புகளில் பத்து தோற்கின்றன. ஒரேயொரு கம்பியில் ஒரு எர்லாங் வந்து விழுந்தால் பாதி போய்விடும். சாதாரண அழைப்புகளுக்கு முன்பிருந்த அதே 17 இழப்புத்தான். யாருக்கு உதவ நினைத்தோமோ அவர்களை நாலு மடங்கு கெடுத்துவிட்டு, மற்றவர்களுக்கும் நன்மை செய்யவில்லை.

இப்போது இன்னொரு விதி. எந்தக் கம்பியும் எவருக்கும் சொந்தமில்லை. அவசர அழைப்பு பத்தில் எதிலும் போகலாம். சாதாரண அழைப்பும் எதிலும் போகலாம். ஆனால் ஒன்பது நிறைந்து ஒன்றே மிஞ்சியிருக்கும் கணத்தில் அதற்கு அனுமதி இல்லை. இதுதான் விதி முழுவதும். அவசர அழைப்புகளின் இழப்பு நூற்றுக்கு 12இலிருந்து 1.7ஆக இறங்குகிறது. மணிக்கு இரண்டுக்கு மேல் தோற்றது போய், மூன்று மணித்தியாலத்துக்கு ஒன்று. சாதாரண அழைப்புகளின் இழப்பு மணிக்கு 17இலிருந்து 26ஆக ஏறுகிறது.

கடைசி இரண்டு கம்பிகளை இப்படி மிச்சம் வைத்தால் அவசர அழைப்பு இருபது மணித்தியாலத்துக்கு ஒன்றுதான் தோற்கும். சாதாரண அழைப்புகளில் 36 போகும். பொறியியலாளர்கள் இதை ட்ரங்க் ஒதுக்கீடு என்கிறார்கள். ஆனாலும் இங்கே ஒதுக்கப்படுவது குறிப்பிட்ட கம்பி எதுவுமில்லை. எது கடைசியாக மிஞ்சுகிறதோ அதுவே அந்தக் கணத்தின் ஒதுக்கீடு.

யாழ்ப்பாண வீதியில் அம்புலன்ஸ் போவதை நினைத்தால் இது எளிதில் விளங்கும். அதற்கென்று வீதியின் ஒரு பக்கத்தை நாள் முழுக்க வெறுமையாக வைத்திருந்தால் மற்றப் பக்கம் அடைத்துப்போகும். அந்த ஒரு பக்கத்தில் முன்னே ஒரு வண்டி நின்றுவிட்டால் அம்புலன்சும் நிற்கும். நடப்பில் வீதி முழுவதும் எல்லாருக்கும் பொது. சைரன் கேட்கும்போது மட்டும் எல்லாரும் ஒதுங்குகிறார்கள்.

இரண்டு விதிகளின் மொத்த இழப்பையும் கூட்டிப் பார்ப்பது நல்லது. தனிக் கம்பி ஒதுக்கினால் மணிக்கு 27 அழைப்புகள் தோற்கின்றன. கடைசிக் கம்பியைக் காத்தால் 26க்குச் சற்று மேல். ஏறத்தாழ ஒரே தொகை. விதி செய்வதெல்லாம் அந்த இழப்பை யார் தலையில் வைப்பது என்று தீர்மானிப்பதுதான். ஒன்றில் பத்து நோயாளிகளின் தலையில். மற்றதில் ஊர்க்கதை பேச வந்தவர்களின் தலையில்.

கைபேசிக்குள் ஒரு வரிசை எண்

இந்த விதி பழைய இணைப்பகங்களோடு போய்விடவில்லை. வட்டுக்கோட்டையில் பஸ் ஏறி யாழ்ப்பாணம் போகும்வரை கதைத்துக்கொண்டே போகிறவரை நினையுங்கள். பஸ் நகர நகர அவருடைய அழைப்பை ஒரு கோபுரம் அடுத்த கோபுரத்திடம் கையளிக்கிறது. அடுத்த கோபுரத்தில் இடமில்லை என்றால் பேச்சு நடுவில் அறுந்துவிடும். புதிதாக எடுக்கும் ஒருவருக்கு இணைப்புக் கிடைக்காததைவிட, பாதிப் பேச்சு அறுவது மனிதர்களுக்கு அதிக எரிச்சல். அதனால் கைத்தொலைபேசி வலையமைப்புகளை வடிவமைத்தவர்கள் ஒவ்வொரு கோபுரத்திலும் கடைசி ஒன்றிரண்டு இடங்களைப் பக்கத்துக் கோபுரத்திலிருந்து வரும் அழைப்புகளுக்காக மிச்சம் வைக்கும் உத்தியை வகுத்தார்கள். அதே கடைசிக் கம்பி விதி.

இன்னும் நுட்பமானது சிம் அட்டைக்குள் இருக்கிறது. ஒவ்வொரு சாதாரண சிம்மிலும் 0 முதல் 9 வரை ஒரு வகுப்பு எண் பொறிக்கப்பட்டிருக்கும். நெரிசல் எல்லை மீறும்போது கோபுரம் சில எண்களை மட்டும் சற்று நேரம் அழைக்க வேண்டாம் என்று அறிவிக்கலாம். பிறகு அவர்களை விட்டுவிட்டு வேறு எண்களை நிறுத்தலாம். யாரும் முழுதாக விலக்கப்படாமல் முறை சுற்றும். 11 முதல் 15 வரையான எண்கள் தனி. அவற்றில் 12 பாதுகாப்புத் துறைக்கு, 13 நீர், மின்சாரம் போன்ற பொதுச் சேவைகளுக்கு, 14 அவசர சேவைகளுக்கு. அவசர எண்ணை அழைக்கும்போதோ, பேச்சுக்கு இடம் கேட்டு அனுப்பும் முதல் வேண்டுகோளிலேயே இது அவசரம் என்ற குறி இருக்கும். 112 போன்ற சில எண்களைக் கைபேசி தானாகவே அறியும். மற்ற எண்களை சிம்மோ வலையமைப்போ தரும் பட்டியலைப் பார்த்துத்தான் அறியும். ஓர் எண் அந்தப் பட்டியலில் இருப்பதும் இல்லாததும் நிர்வாக முடிவு. இலங்கையில் 1990 சேவை 2018 ஜூலையில் வடமாகாணத்துக்கு வந்தபோது வண்டிகளைத்தான் எல்லாரும் பார்த்தோம். அந்த வண்டியை அழைக்கும் குரல் நெரிசலில் எந்த வகுப்பில் போகிறது என்பதும் அதே அளவு கவனிக்க வேண்டியது.

இதைவிடக் கடுமையான வழியும் உண்டு. 1960களில் அமெரிக்க இராணுவம் அமைத்த ஆட்டோவான் தொலைபேசிகளில் வழக்கமான பொத்தான்களுக்குப் பக்கத்தில் நான்கு மேலதிகப் பொத்தான்கள் இருந்தன. உயர்ந்த பொத்தானை அழுத்தினால், கம்பி ஒழியக் காத்திராமல் அது நடந்துகொண்டிருக்கும் பேச்சைத் துண்டித்தே இடம் பிடிக்கும். அணு ஆயுத யுகத்தின் அச்சத்தில் பிறந்த ஏற்பாடு அது.

கப்பலில் வந்த புத்தகம்

இணையத்துக்கு வரும்போது கணக்கு மாறுகிறது. இங்கே கம்பி எவருக்கும் கொடுக்கப்படுவதில்லை. பேச்சு, படம், பாடம் எல்லாம் சிறு பொதிகளாக நறுக்கப்பட்டு ஒரே வரிசையில் நிற்கின்றன. ‘இடமில்லை’ என்ற தொனி கிடையாது; தாமதம் உண்டு. இரண்டும் வேறு என்பதை வட்டுக்கோட்டையின் பழைய வரலாறே விளக்கும். அமெரிக்க மிஷனரிகள் 1815 அக்டோபரில் கப்பலேறி 1816 மார்ச்சில்தான் கொழும்பு வந்தார்கள். அவர்களில் ஒருவரான டானியல் பூவர் 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரியின் முதல் அதிபரானார். அங்கே கணிதமும் வானியலும் கற்பித்தார்கள். அமெரிக்காவிலிருந்து வரும் கப்பலில் பெட்டி பெட்டியாகப் புத்தகம் ஏற்றலாம். கொள்ளளவில் அதற்குக் குறையில்லை. ஆனால் ஒரு கேள்வி கேட்டுப் பதில் பெற ஏறத்தாழ ஒரு வருடம். அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்த தந்தி சில சொற்களை மட்டுமே சுமந்தது, அன்றே சேர்த்தது.

படம் பார்ப்பவருக்குக் கப்பல் போதும். சில நொடிகள் பிந்தினாலும் முன்கூட்டியே இறக்கி வைத்த பகுதி ஓடிக்கொண்டிருக்கும். கதைப்பவருக்குத் தந்தியின் வேகம் வேண்டும். ஒரு பக்கக் குரல் மறுபக்கம் சேர 150 மில்லிநொடிக்கு மேலானால் பேச்சின் தாளம் கெடத் தொடங்குகிறது. இருவரும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் நிறுத்துவார்கள்.

நொடிக்கு இரண்டு மெகாபிட் செல்லும் ஒரு மெல்லிய இணைப்பை எடுத்துக்கொள்வோம். படத்தின் ஒரு பெரிய பொதி 1,500 பைட். அதைத் தள்ளிவிட 6 மில்லிநொடி ஆகும். குரலின் பொதி 200 பைட்தான். அதற்கு முன்னால் படத்தின் நூறு பொதிகள் நின்றால், குரல் 600 மில்லிநொடி காத்திருக்க வேண்டும். தாயும் மகனும் இனிக் கதைக்க முடியாது. குரல் பொதியை வரிசையின் முன்னால் விட்டால், ஏற்கனவே போய்க்கொண்டிருக்கும் ஒரு பொதி முடியும்வரை, ஆகக்கூடியது 6 மில்லிநொடிதான் காத்திருப்பு. படத்துக்கு என்ன நட்டம்? குரல் எடுத்துக்கொள்வது நொடிக்கு 80 கிலோபிட், மொத்தத்தில் நூற்றுக்கு நாலு பங்கு. படம் பார்ப்பவர் அதை உணரவே மாட்டார்.

வரிசையில் ஒருவரை முன்னே விட்டால் மற்றவர் காத்திருப்பு கூடத்தான் செய்யும். இதற்கு லெனார்ட் கிளைன்ராக் 1965இலேயே ஒரு காப்பு விதி எழுதினார். வரிசைக் கணிதத்தில் இலவசம் கிடையாது. ஆனால் முன்னே போகிறவர் மெலிந்தவராக இருந்தால், பின்னே நிற்பவர்கள் கொடுக்கும் விலை ஒரு துளி.

1981இல் இணைய நெறிமுறையை எழுதியவர்கள் ஒவ்வொரு பொதியின் தலையிலும் முன்னுரிமைக்கென மூன்று பிட் இடம் விட்டார்கள். ஆட்டோவான் பொத்தான்களின் பெயர்களே அங்கும் வந்தன. 1998இல் அதை ஆறு பிட்டாக்கி 64 வகைக்கு இடம் செய்தார்கள். பொது இணையத்தில் மட்டும் இது பெரிதாகச் செல்லுபடியாகவில்லை. தன் பொதியின் நெற்றியில் ‘அவசரம்’ என்று எவரும் எழுதிக்கொள்ளலாமே! அதனால் ஒரு நிறுவனத்தின் எல்லையைத் தாண்டும்போது அடுத்த நிறுவனம் அந்தக் குறியை அழித்துவிடுவது வழக்கம்.

குறியே இல்லாமல் நியாயம் செய்ய முடியுமா என்ற கேள்வி 1980களில் எழுந்தது. 1986 அக்டோபரில் கலிபோர்னியாவில், சில நூறு மீற்றர் தூரத்தில் இருந்த இரண்டு நிறுவனங்களுக்கிடையே நொடிக்கு 32,000 பிட் போன இணைப்பு 40 பிட்டாகச் சரிந்தது. பதில் வரவில்லை என்று கணினிகள் அதே பொதிகளைத் திரும்பத் திரும்ப அனுப்பி வழியை அடைத்திருந்தன. வான் ஜேக்கப்சன் 1988இல் இதற்கு மருந்து சொன்னார்: பொதி தொலைந்தால் அனுப்பும் வேகத்தைப் பாதியாக்கு. அனுப்புகிறவர்கள் தாமாகவே அடங்கிப்போக, இணையம் உயிர்பிழைத்தது.

வரிசைக்குள் நியாயத்தைக் கொண்டுவந்தவர்கள் வேறு. ஜான் நாகிள் 1985இல் ஒரு யோசனை வைத்தார். ஒரே வரிசைக்குப் பதிலாக அனுப்பும் ஒவ்வொரு கணினிக்கும் ஒரு சிறு வரிசை. எல்லா வரிசைகளிலிருந்தும் முறை வைத்து ஒவ்வொன்றாக எடு. 1989இல் ஆலன் டெமர்ஸ், ஸ்ரீனிவாசன் கேசவ், ஸ்காட் ஷென்கர் மூவரும் அதைப் பொதியின் அளவையும் கணக்கில் எடுக்கும் முழு முறையாக வளர்த்தார்கள். 1995இல் ஷ்ரீதரும் ஜார்ஜ் வர்கீசும் அதை மலிவான இயந்திரத்திலும் ஓடும்படி எளிமையாக்கினார்கள். இதன் அழகு என்னவென்றால், எது குரல், எது படம் என்று ரவுட்டருக்குத் தெரியவே வேண்டாம். கொஞ்சமாகக் கேட்பவரின் வரிசை எப்போதும் ஏறக்குறைய வெறுமையாக இருக்கும். அவர் முறை உடனே வரும். அளவுக்கு மேல் கேட்பவர் தன் வரிசையில் தானே காத்து நிற்பார். இன்று வீட்டு ரவுட்டர்கள் பலவற்றில் இந்தக் குடும்பத்து முறைகள் இருக்கின்றன. ரவுட்டரில் இந்த வசதி இருந்தால், உங்கள் இணைப்பின் உண்மை வேகத்தைவிடச் சற்றுக் குறைவான எல்லையை அதில் வைத்துப் பாருங்கள். நெரிசல் நிறுவனத்தின் வரிசைக்குப் போகாமல் உங்கள் வீட்டு வரிசையிலேயே நிற்கும். அங்கே அதை ஒழுங்குபடுத்தலாம்.

எழுபது எழுத்துகள்

பேரிடர் இந்தக் கணக்குகளையெல்லாம் ஒரு நிமிடத்தில் குலைத்துவிடும். எர்லாங்கின் சூத்திரம், தோற்ற அழைப்பு போய்விட்டது என்று கொள்கிறது. அஞ்சிய மனிதர் அப்படி விடமாட்டார். மறுபடி அழுத்துவார், மறுபடியும் அழுத்துவார். ஒவ்வொரு அழுத்தலும் இணைப்புக் கேட்டுப் போகும் சமிக்ஞை வழியை நிறைக்கும். கலிபோர்னியக் கணினிகள் செய்த அதே வேலை.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை நாளில், குரல் அழைப்பு எடுபடாத இடங்களிலிருந்தும் குறுஞ்செய்திகள் வெளியே போயின. குறுஞ்செய்தி குரலுக்குரிய இடத்தைக் கேட்பதில்லை. சமிக்ஞை வழியின் இடுக்கில் போகிறது. உடனே சேராவிட்டால் நிலையத்தில் காத்திருந்து, வழி கிடைக்கும்போது சேர்கிறது. அதன் அளவு 140 பைட். அதற்குள் ஆங்கில எழுத்து 160 அடங்கும், தமிழில் 70. அதிலும் புள்ளியும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்படும். நமக்கு ஏழெழுத்தான வட்டுக்கோட்டை, வலையமைப்புக்குப் பதின்மூன்று. இடுக்கு வழியில் தமிழ் இருமடங்குக்கு மேல் வாடகை கொடுக்கிறது. இருந்தாலும் நெரிசல் நாளில் மூன்று நிமிடம் கதைப்பதைவிட, ‘சுகமாக இருக்கிறோம்’ என்று ஒரு வரி அனுப்புவது நமக்கும் பிறருக்கும் நன்மை. மேலே பார்த்த நொடிக்கு 80 கிலோபிட் குரல் அழைப்பு மூன்று நிமிடத்தில் ஒரு மெகாபைட்டுக்கு மேல் எடுக்கும். அந்த இடத்தில் ஆயிரக்கணக்கான வீடுகளின் நலச் செய்தி போகும்.

விதியை எழுதுவது யார்

பத்துக் கம்பிக் கணக்குக்கு மறுபடி வருவோம். அவசரம் என்று சொல்லிக்கொள்பவர்களின் தொகையைக் கூட்டிப் பாருங்கள். 160 அழைப்புகளில் 80 அவசரம் என்றானால், அதே கடைசிக் கம்பி விதியில் அவசர அழைப்பின் இழப்பு நூற்றுக்கு 1.7இலிருந்து 6.5ஆகிவிடும். 160உம் அவசரம் என்றால் பழைய 12க்கே திரும்பிவிடும். முன்னுரிமை சிலருக்கு இருக்கும்வரைதான் முன்னுரிமை. ஆகவே யாரைச் சேர்ப்பது என்பதைவிட, யாரைச் சேர்க்காமல் விடுவது என்பதே கடினமான வேலை.

இந்தியாவின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2016 பெப்ரவரியில், உள்ளடக்கத்தைப் பார்த்துத் தரவுக்கு வேறு வேறு விலை வைப்பதைத் தடைசெய்தது. காசு வாங்கிக்கொண்டு ஒரு நிறுவனத்தின் பொதியை முன்னே விடுவதும் அவசர சேவையை முன்னே விடுவதும் ஒன்றல்ல என்ற வேறுபாடு அங்கிருந்து வளர்ந்தது. இலங்கையில் 2020 முடக்க காலத்தில் பல்கலைக்கழக மாணவர்கள் லேர்ன் எனப்படும் கல்வி வலையமைப்பு வழியாகத் தரவுக் கட்டணமின்றி வகுப்புகளில் சேர்ந்தார்கள். அது விலையில் கொடுத்த முன்னுரிமை. வேகத்தில் கொடுப்பது வேறு. காசில்லாமல் நுழைந்தவரும் மெலிந்த கோபுரத்தில் மற்றவர்களோடு ஒரே வரிசையில்தான் நிற்க வேண்டியிருக்கும். அந்த ஆண்டு மார்ச் மாதம் ஐரோப்பாவில் நெட்ஃபிளிக்ஸும் யூடியூபும் படத்தின் தரத்தைக் குறைத்துத் தாமாகவே ஒதுங்கின. பெரிய வண்டி ஒதுங்கினால் வீதி எவ்வளவு விரியும் என்று அன்று தெரிந்தது.

போர் 2009இல் முடிந்தபின் ஏ-9 வழியே கண்ணாடி இழை வடம் குடாநாட்டுக்கு வந்தது. கொள்ளளவு பெருகிற்று, தேவை அதைவிட வேகமாகப் பெருகிக்கொண்டிருக்கிறது. இழை எவ்வளவு தடித்தாலும், வெள்ளத்திலோ மின்வெட்டிலோ பாதி அறுந்த ஒரு நாளில் பழைய கேள்வி திரும்ப வந்து நிற்கும். அந்த நாளுக்கான விதி இப்போதே எங்கேயோ ஒரு இயந்திரத்தில் எழுதப்பட்டிருக்கிறது.

கடைசிக் கம்பி விதியின் விலை நமக்குத் தெரியும். மணிக்குச் சாதாரண அழைப்பில் கூடுதலாக ஒன்பது தோற்கிறது. ஒன்பது பேர் சற்றுப் பொறுத்து மறுபடி அழைக்க வேண்டும். அதற்கு ஈடாக இரண்டு அவசரக் குரல்கள் போய்ச் சேர்கின்றன. கேட்டால் அந்த ஒன்பது பேரும் சம்மதிப்பார்கள் என்றே நினைக்கிறேன். ஆனால் கேட்க வேண்டும். எந்த எண்கள் முன்னே போகின்றன, எவ்வளவு இடம் அவற்றுக்காகக் காக்கப்படுகிறது, நெரிசல் தீர்ந்ததும் அந்த இடம் எல்லாருக்கும் திரும்புகிறதா என்ற மூன்று விவரங்களை நிறுவனங்களும் ஒழுங்குமுறை ஆணைக்குழுவும் வெளியே சொன்னால் போதும். மிச்சத்தை எர்லாங்கின் சூத்திரத்தைக் கொண்டு யாழ்ப்பாணத்தில் உயர்தரக் கணிதம் படிக்கும் ஒரு பிள்ளையே போட்டுப் பார்த்துவிடும்.